நமது நிருபருக்கு ஒரு ஸ்காலர்ஷிப்

கடலூரிலும் புதுச்சேரியிலும் செய்தி எழுதிப் பிழைக்கிற தம்பி, தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது இங்கிலீஷைப் பற்றித்தான். "அக்கா, எனக்குச் சரளமா பேச வராது. எனக்கெல்லாம் ஸ்காலர்ஷிப் கொடுப்பாங்களா?" நான் திருப்பிக் கேட்கிற கேள்வி வேறு. "நீ எழுதின செய்தி எதுலயாவது உன் பேரு வந்திருக்கா?"

பெரும்பாலும் வந்திருக்காது. நம் நாளிதழ்கள் பலவற்றில் மாவட்டச் செய்திக்குப் பெயர் போடும் வழக்கம் இல்லை. ஊர், தேதி, அப்புறம் செய்தி. மிஞ்சிப்போனால் 'நமது நிருபர்'. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது முழங்கால் தண்ணீரில் பைக்கைத் தள்ளிக்கொண்டு போய் எழுதியவரும் நமது நிருபர்தான்; கலெக்டர் ஆபீஸ் பிஆர்ஓ அனுப்பிய குறிப்பை அப்படியே ஏற்றி அனுப்பியவரும் நமது நிருபர்தான். மேற்படிப்புக்குப் பணம் கொடுக்கிறவர்களுக்கோ இந்த ஆள் தனியாக என்ன செய்தார் என்று தெரிந்தாக வேண்டும். இங்கிலீஷை உட்கார்ந்து படித்துத் தேற்றிவிடலாம். வருஷக்கணக்கில் பெயரில்லாமல் பார்த்த வேலைக்குக் கடைசி வாரத்தில் ஆதாரம் திரட்ட முடியாது. அதனால் இங்கே அதற்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன்.

நான் கடலூர் முதுநகர்க்காரி. பகுதி நேர நிருபராக ஆரம்பித்து, புதுச்சேரியில் ஒரு நாளிதழில் செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் உட்கார்ந்து, செவனிங் உதவித்தொகையில் பிரிட்டனில் ஒரு வருஷம் இதழியல் முதுகலை படித்துவிட்டுத் திரும்பி வந்தவள். இப்போது முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். வேலை நேரம் போக, மற்றவர்களுடைய விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுப்பது பழக்கமாகிவிட்டது.

முதலில் எது பட்டம், எது பயிற்சி என்று பிரித்துக்கொள்ளுங்கள். செவனிங் பெயரிலேயே தெற்காசியப் பத்திரிகையாளர்களுக்குச் சில வார நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிடியூட் ஃபெலோஷிப் இருக்கிறது. இரண்டும் நல்ல பெயர் உள்ளவை. ஆனால் முடித்து வரும்போது கையில் முதுகலைப் பட்டம் இருக்காது. பின்னால் கல்லூரியில் பாடம் எடுக்கிற எண்ணம் இருந்தால் இந்த வித்தியாசம் முக்கியம்.

பட்டத்துக்கான பெரிய கதவுகளில் நம் ஆட்களுக்கு மிகவும் பொருந்துவது செவனிங் என்பது என் கருத்து. எனக்குக் கிடைத்ததால் சொல்கிறேன் என்று வேண்டுமானால் நினைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் அரசு 1983 முதல் நடத்துவது. கல்விக் கட்டணம், மாதச் செலவு, விமானம், விசா எல்லாம் அதிலேயே அடங்கும். ஒரு வருஷப் படிப்பு. முடிந்ததும் ஊருக்குத் திரும்பி இரண்டு வருஷமாவது இருக்க வேண்டும். விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்டில் திறந்து அக்டோபர் வாக்கில் மூடிவிடும். மூன்று படிப்புகளைக் குறிப்பிட வேண்டும். பல்கலைக்கழகங்களுக்குத் தனியாகவும் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவதைச் செவனிங்கே பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடுகிறவர்கள் உண்டு. இன்டர்வியூவில் தேறினாலும், ஜூலைக்குள் பல்கலைக்கழகம் நிபந்தனை எதுவும் இல்லாமல் இடம் தருவதாகச் சொல்லும் ஆஃபர் லெட்டர் கையில் இல்லையென்றால் பணம் இல்லை.

அடுத்து, ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ். இதழியலுக்கென்றே அதில் ஒரு கூட்டு முதுகலை இருக்கிறது: முதல் வருஷம் டென்மார்க்கின் ஆர்ஹூஸில், இரண்டாம் வருஷம் ஆம்ஸ்டர்டாம், பிராக் போன்ற இடங்களில் ஒன்றில். முழு உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ. ஜனவரியில் கெடு முடிந்துவிடும். பொங்கல் லீவில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் போச்சு.

அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட்-நேரு முதுகலை ஃபெலோஷிப். மூன்று வருஷ முழுநேர வேலை அனுபவமும், பட்டத்தில் 55 சதவீத மதிப்பெண்ணும் கேட்பார்கள். நம் ஆட்கள் அடிபடுவது இன்னொரு விதியில். நாலு வருஷப் பட்டம் வேண்டும். மூன்று வருஷ பி.ஏ., பி.எஸ்சி. மட்டும் என்றால், அதற்கு மேல் முழுநேர முதுகலையோ முதுநிலை டிப்ளமோவோ முடித்திருக்க வேண்டும். எந்தெந்தப் பாடங்களுக்கு என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். அந்த வருஷப் பட்டியலில் இதழியல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் உட்காருங்கள்.

ஜெர்மனியின் பான் நகரில் டாய்ச்ச வெல்ல அகாதமி நடத்தும் சர்வதேச ஊடகவியல் முதுகலையும் நல்லது; வளரும் நாடுகளின் பத்திரிகையாளர்களை மனதில் வைத்தே அமைத்தது. அங்கே டாட் என்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் உதவித்தொகை வழியாகப் போவதானால், கடைசிப் பட்டம் வாங்கி ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. முப்பதைத் தாண்டிய நிருபர்கள் பலர் இங்கேதான் கழன்றுவிடுவார்கள். புதுச்சேரியில் பள்ளியிலிருந்தே பிரெஞ்சு படித்தவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வழி: பாரிஸின் சியான்ஸ் போ. அங்கே இதழியல் பள்ளி இருக்கிறது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு எமில் பூட்மி என்ற உதவித்தொகையும் இருக்கிறது. லாஸ்பேட்டைப் பையன் ஒருவன் தன் பிரெஞ்சை டூரிஸ்ட் கைடு வேலைக்கு மட்டும்தான் உதவும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். இப்போது அந்த விண்ணப்பத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

பட்டியலினத்தவருக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது: குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், மதிப்பெண் 60 சதவீதம், சேரும் பல்கலைக்கழகம் கியூஎஸ் என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் முதல் 500-க்குள். ஒரு முக்கியமான முள் இதில் உண்டு. 2022 முதல் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இந்தப் பணம் கிடையாது. நெய்வேலி நிலமெடுப்பைப் பற்றி ஆராயப் போகிறேன் என்று எழுதிவிட்டு இதில் நிற்க முடியாது. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

சாதிச் சான்றிதழ் விஷயத்தில் நம் எல்லைக்கே உரிய சிக்கல் ஒன்று. பாகூர்ப் பக்கம் ஒரு தெரு புதுச்சேரி, அடுத்த தெரு தமிழ்நாடு. குடியிருப்பதும் வேலை பார்ப்பதும் புதுச்சேரியாக இருந்தாலும் பூர்வீகம் கடலூர் மாவட்டம் என்றால், சான்றிதழைக் கடலூர்ப் பக்கத்து வட்டாட்சியரிடமே வாங்கிக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் பூர்வீகக் கேள்வி எழுந்தால் மாதக்கணக்கில் இழுக்கும்.

பழைய பட்டியல்களை நம்பாதீர்கள். சிறுபான்மையினர் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் கொடுத்த 'படோ பர்தேஷ்' இன்னும் எத்தனையோ வாட்ஸ்ஆப் ஃபார்வர்டுகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது 2022-ல் நிறுத்தப்பட்டது.

இனி ஆதாரத்துக்கு வருவோம். செவனிங்குக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும். பயந்துவிடாதீர்கள், பகுதி நேரமும் கணக்கில் சேரும். தாலுகா நிருபர் ஒருவர் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், மாதம் 25 நாள் என்று வைத்தால் மாதத்துக்கு 100 மணி நேரம். 28 மாதத்தில் தீர்ந்தது. பிரச்சினை அதை எப்படிக் காட்டுவது என்பதில். நியமன உத்தரவு இல்லாத, பிஎஃப் இல்லாத, செய்திக்கு இவ்வளவு என்று வாங்குகிற ஆளிடம் என்ன காகிதம் இருக்கும்?

இருக்கும், தேடினால். பாஸ்புக்கில் நிறுவனத்திலிருந்து வந்த வரவுகளை வரிசையாக மார்க்கரில் கோடு போட்டு நகல் எடுங்கள். ஒவ்வொரு வருஷத்து அடையாள அட்டையையும் வைத்திருங்கள். புதிய கார்டு வந்ததும் பழையதைத் திருப்பிக் கேட்பார்கள், கொடுக்குமுன் இருபக்கமும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். அரசு அங்கீகார அட்டை இருந்தால் நல்லது, இல்லையென்றால் குறையில்லை. மாவட்டத்தில் அது எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்பது நமக்கே தெரியும். இவை எல்லாவற்றுக்கும் மேலே, பொறுப்பாசிரியரிடமிருந்து லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம். அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தப் பகுதிக்கு, வாரத்துக்குத் தோராயமாக எத்தனை மணி நேரம் என்று இருக்க வேண்டும். 'எங்கள் நாளிதழில் ஊரக நிருபர்களின் செய்திகள் பெயரின்றி வெளியாவது வழக்கம். கீழ்க்காணும் செய்திகள் இவர் எழுதியவை' என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். கீழே தலைப்பும் தேதியுமாகப் பத்துப் பன்னிரண்டு செய்திகள். இந்த ஒரு கடிதம் விண்ணப்பத்தில் நீங்கள் எழுதும் எந்தக் கட்டுரையையும்விட அதிகம் பெறும். ஆசிரியர் எழுதித் தருவார் என்று காத்திருக்காதீர்கள். நீங்களே டைப் செய்து கொண்டுபோய்க் கொடுங்கள். பதிப்பு முடியும் நேரத்தில் போகாதீர்கள். முற்பகலில், டீக்கு முன்னால்.

புனைபெயரில் எழுதுகிறவர்கள் அந்தப் பெயரும் தானும் ஒருவரே என்று அதே கடிதத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

செய்திகளை இன்றிலிருந்தே சேமியுங்கள். இ-பேப்பர் இணைப்பை மட்டும் குறித்து வைப்பது போதாது. பழைய பக்கங்கள் என்றைக்கும் அங்கேயே இருக்காது. முழுப் பக்கத்தையும் தேதி, பதிப்பு தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். கூடவே ஓர் எக்செல் தாள்: தேதி, தலைப்பு, ஒரே வரியில் விஷயம், கடைசியில் 'அப்புறம் என்ன நடந்தது' என்று ஒரு பத்தி. கடைசிப் பத்திதான் தங்கம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு பக்கம் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியதை எழுதினீர்கள், சரி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து ஆள் வந்து மாதிரி எடுத்தாரா? தண்ணீர் லாரி வந்ததா? ஒன்றுமே நடக்கவில்லையா? எதுவாக இருந்தாலும் குறித்து வையுங்கள்.

செய்திகளை முழுதாக மொழிபெயர்க்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு வரி ஆங்கிலச் சுருக்கம் போதும். கூகுளில் போட்டு எடுத்ததை அப்படியே வைத்தால் 'நிவாரணம்' ஒரு வரியில் ஒன்றாகவும் அடுத்த வரியில் வேறாகவும் இருக்கும். வட்டாட்சியர் யாரென்றே வெளிநாட்டுக்காரருக்குப் புரியாது. அடைப்புக்குறியும் பதவிப் பெயருமாக நிரப்பாமல், 'தாலுகாவின் வருவாய் அதிகாரி' என்று விளங்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

அடுத்து கட்டுரைகள். செவனிங்கில் நாலு: தலைமை, தொடர்புகள், ஏன் இந்தப் படிப்பு, எதிர்காலத் திட்டம். ஒவ்வொன்றும் சில நூறு சொற்கள்தான். இங்கே நம் ஆட்களுக்கு மேடைப்பேச்சு வந்துவிடும். 'ஜனநாயகத்தின் நான்காவது தூணாகிய பத்திரிகைத் துறையில் சிறுவயது முதலே ஆர்வம் கொண்ட நான்' என்று தொடங்கும் விண்ணப்பம் என்னிடம் வராத சீசனே இல்லை. அந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதனால் அது யாருக்கும் உதவாது.

பண்ருட்டிப் பக்கத்து நிருபர் தம்பி ஒருவன் தலைமைக் கட்டுரைக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் முழித்தான். "நான் யாருக்கு அக்கா தலைவர்? எனக்குக் கீழ ஒரு ஆள் கிடையாது." பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். 2024 டிசம்பர் முதல் வாரம் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, திருக்கோவிலூரிலிருந்து கடலூர் வரை ஆற்றோரம் இருக்கிற நிருபர்களை ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் சேர்த்திருக்கிறான். போட்டிப் பத்திரிகைக்காரர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். மேலே உள்ளவர் தண்ணீர் எந்தப் படிக்கட்டைத் தொட்டது என்று போட, கீழே உள்ளவர் தன் ஊர்க்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறார். "இதெல்லாம் எழுதலாமா? அது சும்மா குரூப்புதானே" என்றான். அதைத்தான் எழுத வேண்டும். யாரைச் சேர்த்தாய், யார் முதலில் மறுத்தார்கள், எப்படிச் சம்மதிக்க வைத்தாய், அதனால் என்ன ஆயிற்று என்று நாலு பத்தி. பதவி இல்லாமல் பத்துப் பேரை ஒரு வேலைக்குச் சேர்ப்பதுதான் அவர்கள் தேடுகிற தலைமை.

'ஏற்கெனவே வேலை பார்க்கிறீர்களே, எதற்குப் படிப்பு?' என்று இன்டர்வியூவில் நிச்சயம் கேட்பார்கள். 'அறிவை வளர்க்க' என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். இந்த இடத்தில் முட்டி நிற்கிறேன், அதற்கு இந்தப் பாடம் வேண்டும் என்று சொல்லத் தெரிய வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு அளவீடுகளைக் கையில் கொடுத்தால் எனக்கு வாசிக்கத் தெரியவில்லை, தரவு இதழியல் பாடம் இன்ன பல்கலைக்கழகத்தில் இரண்டாம் பருவத்தில் இருக்கிறது, முடித்துவிட்டு சிப்காட் கிராமங்களின் நிலத்தடி நீரை வருஷாவருஷம் ஒப்பிடுகிற தமிழ்த் தொடர் ஒன்றை ஆரம்பிப்பேன். இப்படி. பாடத்தின் பெயரைப் பல்கலைக்கழகத் தளத்தில் பார்த்து எழுதுங்கள். மெதுவாகப் பேசினால் தப்பில்லை. பேட்டி எடுத்தே பழகிய நமக்குக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வதுதான் கஷ்டம். ஒரு நண்பரை உட்கார வைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

சிபாரிசுக் கடிதம் என்றதும் எம்எல்ஏவிடம் ஓடுகிறவர்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. கலெக்டர் கையெழுத்துப் போட்ட கடிதத்தைப் பெருமையாகக் காட்டினாள் ஒரு தங்கை. நீங்கள் யாரைப் பற்றிச் செய்தி எழுதுகிறீர்களோ அவரிடமே நற்சான்று வாங்கினால், அதைப் படிக்கிற வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் என்ன நினைப்பார்? உங்கள் செய்தியைத் திருத்திய உதவி ஆசிரியர் ஒருவர், கல்லூரியில் பாடம் எடுத்தவர் ஒருவர், அவ்வளவு போதும். செவனிங்கில் இன்டர்வியூவுக்குத் தேர்வான பிறகுதான் இந்தக் கடிதங்களைக் கேட்பார்கள், ஆனாலும் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

டிரான்ஸ்கிரிப்டுக்கு, அதாவது பல்கலைக்கழகம் தரும் முழு மதிப்பெண் பட்டியலுக்கு, அலைய நேரம் ஒதுக்குங்கள். கடலூர் மாவட்டக் கல்லூரிகள் இப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கின்றன. ஆனால் சில வருஷங்களுக்கு முன்பு படித்தவர்களின் சான்றிதழில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் என்று இருக்கும். அவர்கள் போக வேண்டியது வேலூர்ப் பக்கம் சேர்க்காட்டுக்கு. தாகூர் கல்லூரி, பாரதிதாசன் மகளிர் கல்லூரி போன்ற புதுச்சேரிக் கல்லூரிகளில் படித்தவர்களுக்குக் காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகம். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு வருஷம்தான் செல்லும். இதழியல் படிப்புகள் பலவற்றுக்கு 7 வேண்டும், மற்றத் துறைகளைவிட அரை மதிப்பெண் அதிகம். கட்டணமே பதினேழு, பதினெட்டாயிரம். விண்ணப்ப வருஷம் முடிவான பிறகு எழுதுங்கள்.

இப்போது பணம். இதில் என் கருத்து கடுமையானது. முழு உதவித்தொகை கிடைத்தால் போங்கள்; பாதி கிடைத்தால் ரொம்ப யோசியுங்கள். பிரிட்டிஷ் கவுன்சிலின் கிரேட் உதவித்தொகை 10,000 பவுண்டிலிருந்து கிடைக்கும், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெளிநாட்டு மாணவருக்கு அங்கே இதழியல் முதுகலைக் கட்டணம் மட்டுமே பல இடங்களில் 20,000 பவுண்டைத் தாண்டும். அதன்மேல் விசாவோடு கட்டும் மருத்துவக் கட்டணம் வருஷத்துக்கு 776 பவுண்டு, ஒன்பது மாதச் சாப்பாட்டு வாடகைச் செலவை 28 நாள் வங்கியில் வைத்துக் காட்ட வேண்டும். ஜே.என். டாட்டா அறக்கட்டளை 1892 முதல் கொடுப்பதும் கடன் உதவித்தொகைதான், திருப்பிக் கட்ட வேண்டும். திரும்பி வந்து தமிழ்ப் பத்திரிகைச் சம்பளத்தில் இருபது, முப்பது லட்சத்துக்கு வட்டி கட்டுவது நடக்கிற காரியமா? ஐடி வேலைக்குப் போகிறவனின் கணக்கு வேறு. வீட்டுப் பத்திரத்தை வைத்து இதழியல் படிக்கப் போவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கன்சல்டன்சிக்காரர் சொல்வார். அவருக்குப் பல்கலைக்கழகத்திடமிருந்து கமிஷன் உண்டு. செவனிங், எராஸ்மஸ் முண்டுஸ் இரண்டுக்கும் விண்ணப்பக் கட்டணமே கிடையாது. யாராவது 'பிராசஸிங் ஃபீஸ்' கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வெளிநாடுதான் என்று அடம்பிடிக்காதவர்களுக்குக் காலாப்பட்டிலேயே, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில், மின்னணு ஊடகம் மற்றும் வெகுஜனத் தொடர்புத் துறை இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகம், கட்டணம் தனியார் நிறுவனங்களோடு ஒப்பிட்டால் குறைவு, சேர சியூஇடி பிஜி என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சென்னை தரமணியில் ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் ஒரு வருஷ முதுநிலை டிப்ளமோ கொடுக்கிறது. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும், வசதி இல்லாதவர்களுக்கும் அங்கே உதவித்தொகை உண்டு. தமிழ்நாடு அரசும் 2025-ல் சென்னையில் இதழியல் கல்வி நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. இதையெல்லாம் இரண்டாம்பட்சமாக நினைக்க வேண்டாம். மூன்று வருஷப் பட்டக்காரர்கள் இப்படி ஒரு முழுநேர டிப்ளமோவை முடித்தால், முன்னே சொன்ன ஃபுல்பிரைட் விதியும் தீர்ந்துவிடும்.

கடைசியாகப் பெயர். நம் சான்றிதழ்களில் இனிஷியல்தான் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். ஆஃபர் லெட்டர், ஐஇஎல்டிஎஸ், வங்கிக் கணக்கு, ஆசிரியர் கடிதம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து போடுங்கள். சான்றிதழ் வேறாக இருந்தால் ஒரு நோட்டரி உறுதிமொழி வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் ஸ்காலர்ஷிப் வந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். போராட்டச் செய்திக்குப் போன இடத்தில் கூட்டத்தோடு கூட்டமாக எஃப்ஐஆரில் பெயர் ஏறியிருக்கும். போலீஸ் வெரிஃபிகேஷனில்தான் அது தெரியவரும். வழக்கு முடிந்திருந்தால் கோர்ட்டில் அதற்கான நகலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். முடியாமல் கிடந்தால் ஒரு வக்கீலைப் பாருங்கள். செவனிங் ஆகஸ்டில் திறக்கும் என்றால் இந்த வேலையைத் தை மாதமே தொடங்கிவிட வேண்டும்.